பின்சக்கரத்தை மாட்டியவர் தம்பி அல்ல

தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குவோரில் ஐந்து பேர், சென்ற ஆண்டு எங்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்து பேசியதை நான் மறக்கவில்லை. யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்பது வரை நினைவிருக்கிறது.

"அந்த ஓட்டை வண்டிதானுங்க ஆளைக் கொன்னுபோடுச்சு" என்றார் ஒரு பங்காளி.

"முன்னாலயே ஒருக்கா பின்சக்கரம் புடிச்சு உழுந்தவருதானுங்களே. பேரிங் மாட்டத் தெரியாதவருக்குப் பழைய வண்டி எதுக்குங்க?" என்றார் இன்னொருவர்.

இரண்டும் பொய். அதை அச்சிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி காங்கேயத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். எனக்கு ஆறு வயது இளையவர். அப்பா எண்ணெய் மில்லில் கொப்பரை காயவைத்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய வீட்டால் அவரைப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவைக்க முடியவில்லை. அதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் கைமடியாக, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்து, டெய்லர் ஆனார். பிறகு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, வெட்டிய துணி பண்டல்களை வீடுகளில் தைப்பவர்களிடம் கொடுத்து, தைத்ததைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையை எடுத்தார். நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நூல் கோன்களை எண்ணுவது என் வேலை.

அவர் இறப்பதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தம்பிக்கு மணிக்கட்டு சுளுக்கியிருந்தது. பின்சக்கரத்துக்குப் புது பேரிங் போட வேண்டும். படித்தவன் என்ற நினைப்பில், "நான் மாட்டுகிறேன்" என்று உட்கார்ந்தேன். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் ஒரு சிறு இரும்புக் குழாய் இருக்க வேண்டும். அது இல்லாமல் நட்டை முறுக்கினால் பேரிங்குகள் நெருக்குண்டு, ஓட ஓடச் சூடேறி இறுகிவிடும். நான் அந்தக் குழாயைப் போடவில்லை. மூன்றாம் நாள் காங்கேயம் சாலையில் சக்கரம் இறுகித் தம்பி விழுந்தார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் குழாய் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பியின் மனைவி, "ஆருங்க அந்தச் சக்கரத்தை மாட்டுனது?" என்று அழுதபோது நான் கட்டிலருகில் நின்றிருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் தம்பி, "நாந்தான்" என்றார்.

நாங்கள் தனியாக இருந்தபோது சிரித்தார். "ஏனுங்ணா, கம்பெனில கோன் ஒன்னு கொறஞ்சா ஊரையே கூட்டுவீங்க. இங்க குழாய் ஒன்னு மிஞ்சுனது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"நானே சொல்லிப்போடறேன்டா."

"வேண்டாமுங்ணா. கால் என்னுது, வண்டி என்னுது. பேச்சும் எனக்கே இருக்கட்டும்."

அந்தப் பேச்சு அவரை என்ன செய்தது என்பதை நான் பார்த்தேன். "வண்டியையே ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவரிடம் சரக்கைக் கொடுக்க முடியாது" என்று கம்பெனிக்காரர் கைவிரித்தார். பதினோரு மாதம் வேலை இல்லை; பிறகுதான் வேறொரு கம்பெனி சரக்குக் கொடுத்தது. நடை கடைசி வரை சாய்ந்தே இருந்தது.

அதன் பிறகு தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறும் ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறும் அந்தப் பின்சக்கரத்தைச் சேர்ந்தே கழற்றினோம். வெள்ளை பனியன் வேஸ்ட் துணியை விரித்து, கழற்றிய வரிசையில் வைப்பார் தம்பி. நான் எண்ணுவேன். பதினேழு உருப்படி. பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவி, செயினை இரண்டு விரல் தொய்வுக்கு வைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுப்பார். "பதினேழும் உள்ள போயிருச்சுங்களாண்ணா?" என்று கேட்காமல் நட்டை முறுக்கியதில்லை. முப்பத்தெட்டு முறை கழற்றினோம். ஒருமுறைகூட ஒன்றும் மிஞ்சவில்லை.

கடைசி நாளன்று ஊத்துக்குளி சாலையில் நெஞ்சு வலித்ததும் அவர் ஒரு பேக்கரி முன் நிறுத்தினார். "சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியையும் எடுத்துட்டுத்தானுங்க உக்காந்தாரு" என்றார் பேக்கரிக்காரர். டாக்டர் சொன்ன காரணம் இருதயம். பண்டலில் ஒரு பீஸ்கூட மண்ணைத் தொடவில்லை. இவரா வண்டி கொன்ற ஆள்?

கருமாதி முடிந்த மறுநாள் பங்காளிகள் முன்னிலையில் சக்கரத்தைக் கழற்றினேன். பேரிங்கில் ஆட்டமில்லை, சத்தமில்லை. பதினேழும் இருந்தன. "அதுக்கென்னுங்க, அன்னிக்கு உழுந்தது உழுந்ததுதானுங்களே" என்றார் ஒருவர். அன்று மாட்டியது நான்தான் என்று அப்போதும் சொல்லாமல் நட்டை முறுக்கினேன்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தம்பி மனைவியிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "பத்தொம்பது வருசமா அவரைத்தானுங்க திட்டீட்டிருந்தேன். அவரு இருக்கையில சொல்லியிருக்கோணுமுங்க மாமா" என்றார். நான் காகிதத்தை மடித்தேன். "மடிக்காதீங்க. அப்படியே போடுங்க. ஒரு எழுத்தும் கொறைக்காதீங்க."

தண்ணீர் கொடுத்த பேக்கரிக்காரருக்கும், தம்பியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய இரண்டு ஒடிசாத் தொழிலாளர்களுக்கும், பண்டல்களை எண்ணி உரியவர்களிடம் சேர்த்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தலில் பேசிய ஐவருக்கு நன்றி இல்லை.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். நினைவு நாளன்று எங்கள் வீட்டு கேட் அருகில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும். பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், காதையும் கொடுங்கள். அதன் பிறகும் கவனமில்லாதவர் என்று யாரையாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.