அம்மாவின் பைக்குள் பென்டிரைவ்

வைரஸ் பிடித்த எங்கள் கணினியைக் கிளிநொச்சிக் கடைக்காரர் துப்புரவாக்கித் தந்தார். “முதல்ல முக்கியமானதைப் பென்டிரைவில கொப்பி பண்ணிக் கழட்டி வையும். பிறகு அப்டேட்டைப் போடும்” என்றார். நான் அவசரக்காரன். அப்டேட்டைத்தான் முதலில் போட்டேன். பாதியில் திரை கறுத்தது.

எங்களிடம் மிஞ்சியிருந்த அப்பாவின் ஒரே படம் அதற்குள்தான் இருந்தது. யுத்தகால இடம்பெயர்வில் அல்பங்கள் தொலைந்த பிறகு, யாரோ ஒருவரின் கலியாண வீடியோவில் அவர் சாம்பார் வாளியுடன் நின்றதை வெட்டி எடுத்திருந்தோம். அந்த வீடியோவும் இப்போது இல்லை.

“என்னடா, நிண்டிட்டுதோ?” என்று அம்மா கேட்டார்.

“இல்லையம்மா, அப்பா நித்திரை கொள்ளுறார்.”

அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் திரை வெளிச்சமானதும் படத்தைத் தேடித் திறந்தேன். வாளியுடன் அப்பா நின்றார்.

உடனே கொப்பி பண்ணிப் பென்டிரைவைக் கழற்றினேன். காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் போட்டு, ஓட வேண்டி வந்தால் தூக்குவதற்கென்று அம்மா இன்னும் கதவுக்குப் பின்னால் ஒரு பையைத் தொங்கவிட்டிருக்கிறார். “எங்கையம்மா பயணம்?” என்று எப்போதும் நக்கலடிப்பேன். அந்தப் பைக்குள்ளேயே பென்டிரைவையும் வைத்தேன்.

“எங்க தம்பி பயணம்?” என்றார் அம்மா.

பையின் ஸிப்பை இன்னொரு தரம் இழுத்து மூடிப் பார்த்தேன்.