விளக்கை அணைத்துவிட்டுப் போனவர்கள்

சகோதர சகோதரிகளே, எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. சண்டை போட்டுத்தான் பழக்கம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை வாய்க்குள்ளேயே பூட்டி வைத்தால் அது நன்றி கெட்டதனம். அதனால் எழுந்து வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன வருஷம் ஆடி மாதம். தீபாவளி ஆர்டருக்காக எல்லாக் கம்பெனியிலும் ஆட்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த நேரம். நான் திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் காலண்டர் தாளின் மேல்விளிம்பில் தகடு அடிக்கும் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது ஒருத்தி ஓடி வந்தாள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிவிபத்தாம். என் வீட்டுக்காரர் தங்கராஜுக்கு அங்கேதான் வேலை.

போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்க ஆள் இல்லை. நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்கள். வெடிச்சத்தம் கேட்ட அடுத்த நிமிஷம் அந்த டப்பாவுக்குள் எல்லாப் போனும் ஒன்றாக அடிக்கும். யார் பெண்டாட்டி, யார் அம்மா என்று எடுத்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அவர் போனும் அப்படித்தான் அடித்துக்கொண்டே கிடந்தது.

அவர் உயிரோடு இருந்தார். சிவகாசியில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். முதுகும் இரண்டு கையும் வெந்திருந்தன. பக்கத்து அறையில் மருந்து கலந்துகொண்டிருந்த கருப்பசாமி அந்த இடத்திலேயே போய்விட்டார். எங்கள் தெருக்காரர்தான் அவர். காலையில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போனவர்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இப்போது யாருமில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையும் இல்லை. யாருக்குச் சொல்வது என்று போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என்னிடம் இருந்த பெயரெல்லாம் கம்பெனி சூப்பர்வைசர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், பால்காரர். இவ்வளவு வயதுக்கு நான் சேர்த்து வைத்த மனுஷர் அம்புட்டுத்தான். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்கு ஆள் இல்லை. அவரைக் காப்பாற்றும். எனக்கும் ஒருத்தரை அனுப்பும்" என்று கேட்டேன். வேறு ஜெபம் வரவில்லை.

எனக்கு ஏன் ஆள் இல்லாமல் போனது என்று சொன்னால்தான் இந்தச் சாட்சி உங்களுக்குப் புரியும்.

நான் தாயில்பட்டியில் பிறந்தவள். எங்கள் ஆலயத்தில் வாலிபர் பாடகர் குழு உண்டு. தீபாவளி முடிந்து கம்பெனிகளை அடைத்த பிறகுதான் எங்களுக்குப் பாட்டுப் பயிற்சியே நடக்கும். அதற்கு முன்னால் யாருக்கு நேரம்? நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பொடி போகாமலேயே வந்து நின்று பாடுவோம். செல்வின் அண்ணன்தான் எங்களுக்குத் தலைவர். பொல்லாத கண்டிப்பு. ஒரு சுருதி தப்பினால், "ஏலே, ஆடு கத்துதா?" என்பார். நானும் ரூபியும் ஒட்டிப்பிறந்த மாதிரி ஒரே வரிசையில் நிற்போம். பொன்ராஜ் கட்டைக் குரல். என் கூடப்பிறந்த அண்ணன் சாமுவேல் டிரம் அடிப்பான்.

சாமுவேல் அண்ணன் ஒரு வெடிவிபத்தில் இறந்தான். புரட்டாசியில் அடக்கம் பண்ணினோம். அந்த வருஷமும் டிசம்பர் வரத்தானே செய்தது? எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்களே, அந்த இராத்திரி வந்தது. நான் குழுவோடு போகவில்லை. ஆனால் குழு என்னிடம் வரும் என்று நினைத்தேன். எங்கள் குழுவுக்கென்று எடுத்த இளநீலச் சேலையைக் கட்டிக்கொண்டேன். "துக்க வீட்ல என்னட்டீ சிங்காரம்?" என்று அம்மா அழுதாள். வீட்டில் லைட் போட விடவில்லை. நான் இருட்டில் வாசல்படியில் நின்றேன். அண்ணனுக்குப் பிடித்த பாட்டை அவர்கள் பாடுவார்கள், நானும் சேர்ந்து பாடிவிட்டு நன்றாக அழவேண்டும் என்று இருந்தது. மூன்று மாதமாக எனக்கு அழுகையே வரவில்லை.

தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. டிரம்மின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக என் வாசலைத் தாண்டிப் போனார்கள். முக்குத் தெருவிளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொருத்தரையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. முன்னால் செல்வின் அண்ணன். பின்னால் ரூபி. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வீடு தள்ளிப் போய் விளக்கை ஏற்றி மறுபடி பாட ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு என் நெஞ்சில் விழுந்தது கல். டிரம் அடிக்க ஒருத்தன் போனால் இன்னொருத்தன், நமக்கென்ன என்று போய்விட்டார்கள் என்று நினைத்தேன். மறுவாரம் ரூபி வீட்டுக்கு வந்தாள். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பொன்ராஜ் கிணற்றடியில் பேச வந்தான். குடத்தை டங்கென்று வைத்துவிட்டு நடந்தேன். கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்ததோடு ஊரும் இல்லை, உறவும் இல்லை. ஆலயத்துக்குப் போவேன். ஆனால் பாட்டு வேளையில் உதட்டை இறுக மூடிக்கொள்வேன். ஆண்டவரிடம்கூட அப்படி ஒரு வீம்பு.

இந்த விபத்துக்கு முந்தின பங்குனியில் செல்வின் அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பஸ் ஏறினால் எம்புட்டு நேரம் ஆகப்போகிறது? நான் போகவில்லை. அன்று காலண்டர் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தேன்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நான் ஜெபம் பண்ணிக் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரத்தில், வராந்தாவில் ஒரு குண்டுப் பெண் தூக்குவாளியும் துணிப்பையுமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ரூபி. பின்னால் நரைத்த தலையோடு பொன்ராஜ்.

நான் எழுந்து நின்று கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எதுக்கு வந்தீக?"

ரூபி அசரவில்லை. "திட்டுறதுக்கு வேற நேரம் வச்சுக்கோ பிள்ள. முதல்ல இந்த இட்லியைத் தின்னு. மூஞ்சி செத்துக்கிடக்கு" என்று தூக்குவாளியைத் திறந்தாள்.

அட, நான் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

பொன்ராஜ் மினி வேன் ஓட்டுகிறானாம். அன்றைக்கு எம். புதுப்பட்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டு வண்டியோடு ஓடியிருக்கிறான். வெந்து கிடந்தவர்களைத் தன் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். அதில் ஒருவர், "எஸ்தருக்குச் சொல்லுங்க, என் வீட்டுக்காரி, தாயில்பட்டிக்காரி" என்று முனகினாராம். பொன்ராஜ் வண்டி ஓட்டிக்கொண்டே ரூபிக்குச் சொல்லியிருக்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் ஆள் அனுப்பும் என்று கேட்கும் முன்னமே ஆண்டவர் ஆளை அனுப்பிவிட்டார். யாரை அனுப்ப வேண்டாம் என்று நான் நினைத்திருப்பேனோ, அவர்களையே அனுப்பினார்.

அவர்கள் வந்ததோடு போய்விடவில்லை. ரூபி வீட்டைப் போட்டுவிட்டு என்னோடு வராந்தாவில் படுத்தாள். பொன்ராஜ் ஊரில் ஆள் திரட்டி இரத்தம் கொடுக்க வைத்தான். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் ஏறி, இனி ஆண்டவர் விட்ட வழி என்று டாக்டர் கைவிரித்த நாளும் வந்தது. அன்றைக்கு மூன்று பேரும் வராந்தாத் தரையில் முழங்காலில் நின்றோம். மறுநாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? அவர் கொஞ்சம் தேறியதும், ஒரு சாயங்காலம் டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இப்ப இம்புட்டுப் பாசமா இருக்கீகளே, அன்னைக்கு ஏன் என் வாசலைத் தாண்டிப் போனீக? நான் அங்கன நின்னேனே!"

ரூபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ நின்னியா?"

"வாசல்படியில. நீலச் சேலை கட்டிக்கிட்டு."

"ஐயோ ஆண்டவரே" என்று அவள் தலையில் கைவைத்தாள். பொன்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவன்தான் சொன்னான். "துக்க வீடு எஸ்தரு. முதல் வருஷத் துக்க வீட்டு முன்னால பாடக் கூடாதுல்ல? எந்தச் சாமி கும்பிடுற வீடா இருந்தாலும் நம்ம டிரம்மை நிறுத்தி, லைட்டை அமத்திட்டுத்தான போவோம்? செல்வின் அண்ணன் முக்குல வச்சே சொல்லிட்டாக. 'பிள்ளை காதுல டிரம் சத்தம் விழுந்திரக் கூடாதுலே, துடிச்சுப் போவா, செருப்பைக் கழட்டுங்க'ன்னு. உன் வாசலைத் தாண்டுற வரைக்கும் அவுக அழுதுக்கிட்டே வந்தாக. உனக்குச் செய்யிற மரியாதைன்னு நினைச்சோம்."

அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டு வாசலில் நானே அப்படி விளக்கை அணைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அது என் வாசலுக்கு வந்தபோதுதான் எனக்கு அவமானமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் லைட் இல்லை. அவர்கள் தங்கள் விளக்கையும் அணைத்துவிட்டார்கள். நான் நிற்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? "அண்ணே" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை. "பிள்ளை, பாடவா?" என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர்களும் கேட்கவில்லை. இதற்காகவா இத்தனை வருஷம்?

"செல்வின் அண்ணன் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் கேப்பாக, எஸ்தரு எங்கனயாவது பாடுதாளான்னு" என்றாள் ரூபி. நான் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். அண்ணன் சாமுவேலுக்காக அன்றைக்கு வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று என் வீட்டுக்காரருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ரூபி மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தாள். எங்கள் பழைய பாட்டு. இரண்டாவது அடியில் என் வாய் தானாகத் திறந்தது. குரல் கரகரவென்று இருந்தது. செல்வின் அண்ணன் இருந்தால் ஆடு என்றிருப்பார். தலையைக் கொஞ்சம் திருப்பி என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "இத்தனை வருஷத்துல உனக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாதே" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. என் வீம்பில் அவருக்கும் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

அவரைக் கர்த்தர் திரும்பக் கொடுத்தார். வலது கை விரல்கள் சரியாக மடங்காது. இப்போது வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன். கேட்டில் எல்லாருடைய போனையும் வாங்கி டப்பாவில் போடுவது இப்போது அவர் வேலை. வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம், ரூபியோடு தாயில்பட்டி போய்ச் செல்வின் அண்ணனுடைய கல்லறையில் நின்று பாடியதுதான். பாடினேன், சரி. அவர் கேட்க வேண்டுமே? அந்தக் குறை எனக்குச் சாகும்வரை இருக்கும். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று தெரியும். ஆனாலும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. போன டிசம்பரில் ரூபியும் பொன்ராஜும் குழுவைக் கூட்டிக்கொண்டு, வேனில் திருத்தங்கலுக்கே என் வீட்டில் பாட வந்தார்கள். நானும் அவர்களோடு தெருவில் பாடிக்கொண்டு நடந்தேன். கருப்பசாமி வீடு வந்தது. அவர் பெண்சாதி ராஜாத்தி அம்மன் கோயிலே கதியாகக் கிடப்பவள். வெடிவிபத்து அன்றைக்கு அவளும் அவள் சாமியைக் கும்பிட்டிருப்பாள்தானே? எனக்குக் கிடைத்தது அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தமாதிரி பேசவும் மாட்டேன்.

வழக்கப்படி டிரம் நின்றது. பொன்ராஜ் விளக்கை அணைக்கக் கையை வைத்தான்.

"அமத்தாத" என்றேன். விளக்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தனியாக அந்த வாசலுக்குப் போனேன். இருட்டில் கதவுக்குப் பின்னால் ராஜாத்தி நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"ராஜாத்தி, பாடட்டுமா? இல்ல, சத்தமில்லாமப் போகட்டுமா? எது வேணும் சொல்லு."

அவள் விளக்கையே பார்த்தாள். "பாட்டெல்லாம் வேண்டாம்க்கா. தாங்க மாட்டேன்" என்றாள். செல்வின் அண்ணன் நினைத்தது அவள் விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது. நான் திரும்பினேன். அவள் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிராதீக. சித்த உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க. எல்லாரையும் கூப்பிடுங்க."

எல்லாரும் உள்ளே போனோம். டிரம்மை வாசலில் வைத்துவிட்டு, அந்தச் சின்ன வீட்டில் நெருக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். ஒருத்தரும் பாடவில்லை. அவள் எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

என் அன்பானவர்களே, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறவர். எனக்குச் சந்தேகமே இல்லை. அவரிடம் கேட்டு நம்புங்கள். ஆனால் ஜெபம் முடிந்ததும் எழுந்து போய், நீங்கள் விட்டுவிட்டு வந்த அந்த ஒருத்தருடைய வாசலில் நின்று கேளுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். போகும்போது விளக்கோடு போங்கள். யார் கண்டது, உள்ளே இருட்டில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.