முதல் பிரதியைத் தலைவர் வாங்கினார்

புதுப் புத்தகக் கட்டின் மை வாசனை... கூடவே மழையில் நனைந்த சாக்கு வாடை. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், என் முதல் நாவலின் பிரதிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு போன அந்த நாளை நினைத்தால் இதுதான் முதலில் வருகிறது, நண்பர்களே.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ பஸ் எங்கள் தோட்டத்தைப் போய்ச் சேராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது.

நாவலில் ஒரு தேயிலைத் தோட்டத் தலைவர் வருகிறார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கு வந்த தகரத்தைத் தன் கடைக்குப் போட்டுக்கொள்கிறவர். எங்கள் தோட்டத்து யூனியன் தலைவரை மனதில் வைத்துத்தான் எழுதினேன். பெயரை மாற்றினேன், மீசையை எடுத்துவிட்டேன்... தகரத்தை மட்டும் மாற்ற மறந்துபோனேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலையும் போகும், குடியிருந்த காம்பராவும் போகும்.

இந்த லட்சணத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். தோட்டத்தில் எந்த விசேஷம் என்றாலும் முதல் மாலை தலைவருக்குத்தான். புத்தக வெளியீட்டுக்கும் அப்படித்தானே என்று, என்னிடம் கேட்காமலே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்துவிட்டார்.

"தலைவரு வாறேன்னுட்டாரு. முதல் பிரதிய அவருதான் வாங்கப் போறாரு!"

முகமெல்லாம் சிரிப்பு. அப்பா நாவலைப் படிக்கவில்லை. நான் என்னவென்று சொல்வேன்?

கோயில் மண்டபம் நிறைந்த கூட்டம். முதல் பிரதியை வாங்கியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்... யாரோ பேசிக்கொண்டிருக்க, விரலை எச்சில் தொட்டுப் புரட்ட ஆரம்பித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

அந்தக் குளிரிலும் என் சட்டை நனைந்துவிட்டது.

பிறகு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தோட்டத்துப் புள்ள எழுதின புத்தகம். வீட்டுக்கு ஒன்னு வாங்கணும், ஆமா!"

அவ்வளவுதான். கூட்டம் மேசையை மொய்த்தது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அது தன்னைப் பற்றிய கதை இல்லை என்று காட்டத்தான் அப்படிச் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

போகும்போது என் தோளில் கையை வைத்தார்.

"தம்பி... அப்பா இன்னும் நம்ம தோட்டத்துலதானே வேலை செய்யிறாரு?"

"ஆமாங்க தலைவரே."

"நல்லது... நல்லது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"தலைவரு என்னப்பா சொன்னாரு?" என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

"நல்லா இருக்குன்னாருப்பா."

அதற்குப் பிறகு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அப்பா மாலையில் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. கடைசிவரை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் போகவே இல்லை.

இப்போது எல்லாம் சுலபம். அட்டைப்படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் போதும். முகம் தெரியாதவர்கள் ஆர்டர் போடுகிறார்கள், கூரியரில் அனுப்புகிறேன். மேடையும் இல்லை, மாலையும் இல்லை. அப்பா ஓய்வுபெற்று ஹட்டனில் என்னோடு இருக்கிறார். அந்தத் தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வாரம் ஒரு வாசகி கமெண்டில் கேட்டிருந்தார்: "முதல் நாவல்ல வந்த தலைவர் மாதிரி ஒருத்தர் அப்புறம் உங்க கதைகள்ல வரவே இல்லையே, ஏன் சேர்?"

நீளமாக ஒரு பதில் அடித்தேன். அழித்துவிட்டு, ஒரு லைக் மட்டும் போட்டேன்.