தாம்பாளத்தில் வந்த கிரெடிட் கார்டு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்து. ஷோரூம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலில் தெரிந்தது ஒரு பித்தளைத் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, நான்கு எலுமிச்சம்பழம், நடுவில் ஒரு கிரெடிட் கார்டு. அதை ஏந்தி வந்தவர் வரதராஜுலு, பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டுபவர். பின்னால் அவருடைய அக்கா கணவர் முனிரத்தினம், கையை வீசிக்கொண்டு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. திருத்தணியில் அந்த ஷோரூமில் நான் சேல்ஸ்மேன். என்னுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் மறுநாள் முடிகிறது. அதுவரை நான் விற்ற கார்கள் பூஜ்யம். வரதராஜுலுவுக்கு வங்கிக் கடன் வந்துவிட்டது. முன்பணத்தைக் கார்டில்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார். பத்தரைக்கு ராகுகாலம்.

“அதுக்குள்ள வண்டி வெளிய வரணும் சார். இல்லாங்காட்டி புக்கிங்கை கேன்சல் பண்ணிடுங்க, பஸ் ஏறிப் போயிடறோம்.”

“இது இன்னா கார்டு மச்சான், சக்கரை கார்டா, அரிசி கார்டா?” என்றார் முனிரத்தினம்.

“சும்மா இரு பாவா” என்று அக்கா கணவரை அடக்கினார் வரதராஜுலு.

மலையில் சாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்த கார்டு. முன்பக்கம் குங்குமப் பொட்டு. பின்பக்கம் கறுப்புப் பட்டையின் மேல் சந்தனம், நன்றாகக் காய்ந்திருந்தது. ஸ்வைப் மெஷினில் மூன்று முறை இழுத்தேன். மூன்று முறையும் படிக்கவில்லை.

அங்கேதான் தவறு செய்தேன். வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். முதலாளி மேஜையில் பிரசாத விபூதி இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து, துணியால் அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் போயிற்று. கூடவே பட்டையும் கோடு கோடாக உரிந்திருந்தது.

“நல்லா மின்னுது சார். அப்டியே கற்பூரமும் காட்டிடுங்க” என்றார் முனிரத்தினம்.

முதலாளி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்பா, விக்கிறதுதான் வரல, தொடைக்கிறதாவது வரும்னு நெனச்சேன்.”

காப்பாற்றியது கேஷியர் கமலா மேடம். ஸ்வைப் மெஷின் வருவதற்கு முன்பு வாங்கிய இம்ப்ரின்டரை பீரோவின் அடியிலிருந்து எடுத்தார். கார்டை வைத்து, மேலே கார்பன் சிலிப்பை வைத்து, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால், புடைத்த எண்கள் சிலிப்பில் பதியும். அதற்குப் பட்டை தேவையில்லை. ஆனால் வங்கிக்கு போன் செய்து அப்ரூவல் நம்பர் வாங்க வேண்டும்.

லைன் கிடைத்தபோது மணி பத்து ஐந்து. வங்கியில் பேசிய பெண், கார்டுக்காரரின் பிறந்த தேதியைக் கேட்டார்.

“ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளுங்க” என்றார் வரதராஜுலு.

அந்தப் பெண்ணுக்குத் தேதிதான் வேண்டும். கார்டு விண்ணப்பத்தை, பள்ளிச் சான்றிதழைப் பார்த்து யாரோ ஏஜென்ட் நிரப்பியிருக்கிறார். வரதராஜுலுவுக்கு வருஷம் தெரிந்தது, தேதி தெரியவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விழித்தார்.

“ஜூன் ஒண்ணுன்னு சொல்லு மச்சான்” என்றார் முனிரத்தினம், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. “நம்ம பெரிய வாத்தியார் அத்தினி பேருக்கும் அதான போட்டு வுட்டாரு. எனக்கும் அதான், உங்க அக்காவுக்கும் அதான்.”

வரதராஜுலு சொன்னார். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பத்து பதினேழுக்கு அப்ரூவல் நம்பர் கிடைத்தது. சிலிப்பில் எழுதி, கையெழுத்து வாங்கினேன். மறுநாள் முதலாளி என்னை நிரந்தரமாக்கினார். துடைக்கும் துணியை மட்டும் என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. மெஷின் கார்டைப் படிக்காவிட்டால், எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள். கூடவந்து கிண்டல் செய்கிற உறவுக்காரரை வெளியே உட்காரவைக்காதீர்கள்.

பத்து இருபத்துநாலுக்கு வண்டி ரோட்டில் இறங்கியது. ஓட்டியது முனிரத்தினம். வரதராஜுலுவுக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது.