ஏழு கிலோ வீம்பு

அந்தப் பையைக் கண்ட நாளிலிருந்தே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. சாம்பல் நிறம். நாற்பது லீற்றராம். பையை லீற்றரில் அளக்கிற கதையை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஜேர்மனியில் இருக்கிற என் மகள், ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு துண்டுக் கடிதம் இல்லை, ஒரு சொக்கிலேட் இல்லை. கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு மூலையில் போட்டேன்.

பின்னாலேயே தொலைபேசியில் அவளுடைய குரல் வந்தது. "அம்மா, இஞ்ச வரேக்க உந்தப் பை மட்டுந்தான். பெரிய சூட்கேஸ் ஒண்டும் வேண்டாம். ரிக்கெற்றும் அப்பிடித்தான் போட்டிருக்கிறன், கையோட கொண்டு ஏறுற ஏழு கிலோ மட்டும். மூண்டு கிழமையும் நாங்கள் ஒரு இடத்தில இருக்கப் போறேல்லை. ரெயினில ஏறி இறங்கித் திரியவேணும், படியெல்லாம் ஏறவேணும். ஒருதருக்கும் ஒண்டும் காவிக்கொண்டு வராதேங்கோ. எனக்கும் ஒண்டும் வேண்டாம். இஞ்ச எல்லாம் கிடக்கு. விளங்குதோ?"

விளங்குதோவாம்! திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் இருபத்தெட்டு வருசமாகச் சரக்கு விபரம் எழுதுகிறவள் நான். எத்தனை தொன் இறங்கியது, எத்தனை தொன் ஏறியது என்று என்னைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சொல்லுவார்கள். எனக்கு ஏழு கிலோ படிப்பிக்க வந்துவிட்டாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல கதை இல்லாமல் போய்ப் பல வருசம். படிக்கவென்று போனவள் அங்கேயே ஒரு வெள்ளைக்காரனைக் கட்டப்போகிறேன் என்றாள். "அவனைக் கட்டினால் எனக்குப் பிள்ளை இல்லை" என்று சொன்னேன். அவள் கட்டினாள். நான் போகவில்லை. இரண்டு வருசம் தொலைபேசி அவள் எடுக்கவுமில்லை, நான் எடுக்கவுமில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே எடுத்தாள். எடுத்த கையோடு சண்டை பிடித்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சண்டைதான். அவளுடைய தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. இந்தப் பயணம் ஊர் பார்க்கிற பயணம் இல்லை, என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைப்பாளா இல்லையா என்கிற பயணம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இவ்வளவும் செய்தேன்.

கிழமைக்கு ஒரு கட்டளை வந்தது. இரண்டு காற்சட்டை, மூன்று மேற்சட்டை. சேலை கூடாது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் காற்சட்டை! ஒரு சோடிச் சப்பாத்து, அதையும் காலில் போட்டுக்கொண்டே ஏறவேண்டும். பாரமான கோட்டையும் உடம்பில் போட்டுக்கொண்டே ஏறவேண்டும், அப்போதுதான் பை பாரம் காட்டாதாம். கட்டுநாயக்க விமான நிலையத்து வெக்கையில் கம்பளிக் கோட்டோடு நிற்கிற பொம்பிளையைச் சனம் என்னவென்று நினைக்கும்? உடுப்புகளை மடிக்கக் கூடாது, பீடி மாதிரிச் சுருட்டவேண்டும். ஒரு சட்டையைத் தோய்க்காமல் நான்கு நாள் போடலாம் என்றாள். "சீ! உன்னை நான் அப்பிடியோ வளர்த்தனான்?" என்று கேட்டேன். "குளிர் நாட்டில வேர்க்காது அம்மா" என்றாள். எண்ணெய், சவர்க்காரம், பற்பசை எல்லாம் பொம்மைச் சாமான் அளவில் வாங்கி ஒரு கண்ணாடிப் பைக்குள் போடச் சொன்னாள். நான் எண்ணெய் தலைக்கு வைக்கிறவள், காதுக்கு விடுகிறவள் இல்லை.

பையை முதுகில் போட்டு நடந்து பழகவும் வேண்டுமாம். பழகினேன். கந்தோர் விட்டு வந்து, பையை நிரப்பிக்கொண்டு, பின்னேரம் உட்துறைமுகத்துப் பக்கமாக அரைமணி நேரம் நடப்பேன். "அக்கா, மலை ஏறப் போறீங்களோ?" என்று ஓட்டோக்காரன் ஒருவன் கேட்டான். "ஓம், உன்ரை தலையில ஏறப் போறன்" என்றேன். கடற்கரைப் பக்கத்தில் நிற்கிற மான்கள்கூட மேய்ச்சலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தன. அதில் ஒன்று பின்னால் வந்து பையின் பட்டியைப் பிடித்துச் சப்பியது. சப்பட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன்.

குறைவாகக் கட்டுவதை இவள் எனக்குச் சொல்லித் தருகிறாள், பாருங்கள். சண்டைக் காலத்தில் ஷெல் விழ விழ, இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்த இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் ஒரு சீலைப் பையோடு கிளிவெட்டியிலிருந்து ஓடியவள் நான். அடையாள அட்டை, காணி உறுதி, இவளுக்குப் பால்மா, இரண்டு சட்டை. அவ்வளவுதான். அன்றைக்கு நிறுத்துப் பார்த்திருந்தால் மூன்று கிலோவும் வந்திருக்காது. அதை அவளுக்குச் சொன்னேன்.

"அது வேற, இது வேற அம்மா. இது சந்தோஷத்துக்குப் போறது."

"ஓகோ, சந்தோஷத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேணுமோ?"

அவள் விடவில்லை. நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிற பிள்ளை அவள், வாய் வந்த நாளிலிருந்தே அப்படி. முக்கால் மணி நேரம் கதைத்தாள். சேலை கட்டிக்கொண்டு ரெயின் படியில் விழுந்தால் யார் பார்ப்பது என்றாள். என்னுடைய முழங்கால் வருத்தத்தைச் சொன்னாள். கடைசியில் "உங்களோட கதைக்க ஏலாது" என்று வைத்துவிட்டு, ஐந்து நிமிசத்தில் திரும்ப எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிறார் என்றால் அவருடைய பை அவருடையது இல்லை. அங்கே இருக்கிறவர்கள் "ஒண்டும் வேண்டாம்" என்பார்கள். வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்பது மரியாதை இல்லை. போகிறவர் அந்த "வேண்டாம்" என்பதைக் காதில் போடாமல் காவிக்கொண்டு போவார். அங்கே பையை அவிழ்க்கிறபோது, "ஏன் இதெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள், விசரோ உங்களுக்கு?" என்று ஏசிக்கொண்டே ஒவ்வொரு பொட்டலமாகப் பிரிப்பார்கள். அந்த ஏச்சைக் கேட்கத்தான் இவ்வளவு பாரமும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

போவதற்கு நான்கு நாள் இருக்க, கிளிவெட்டியிலிருந்து மச்சாள் வந்து சேர்ந்தார். என் கணவரின் தங்கை. பஸ்ஸில் வந்த களைப்போடு இரண்டு உரப் பைகளைக் குசினியில் இறக்கினார். சொந்த வயலில் விளைந்த அரிசியை வறுத்து இடித்த மா, மிளகாய்த்தூள், கருவாடு, எள்ளுருண்டை.

"அஞ்சு நாளா நிண்டு வறுத்து இடிச்சனான், மச்சாள். இந்தத் தூள் இல்லாட்டிப் பிள்ளைக்குக் கறி இறங்காது" என்றார்.

"கொண்டு போக ஏலாது. ஏழு கிலோதான் விடுவாங்கள்."

"ரெண்டு உடுப்பைக் குறையுங்கோவன்."

"அவதானே ஒண்டும் வேண்டாமெண்டவ."

மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பிள்ளை வேண்டாமெண்டுதானே சொல்லும். நீங்கள் என்ன புதுசாக் கதைக்கிறீங்கள்?"

எனக்குத் தெரியாததையா அவர் சொன்னார்? ஆனால் அந்த நேரம் எனக்குள் ஒரு வெறி. என் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்க் கலியாணம் கட்டியவள், இப்போது சப்பாத்திலிருந்து பற்பசை வரைக்கும் எனக்குச் சட்டம் போடுகிறாள். சரி. அவள் சொன்னபடியே செய்வேன். ஒரு சொல் பிசகாமல் செய்வேன். அவளுடைய சொல்லாலேயே அவளுடைய வாயை அடைப்பேன். ஒரு எள்ளுருண்டையாவது எடுங்கோ என்று மச்சாள் கெஞ்சினார். "உங்களுக்குச் சொன்னா விளங்காதோ? இதெல்லாத்தையும் திருப்பிக் கொண்டு போங்கோ!" என்று கத்திவிட்டேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல், இரண்டு உரப் பைகளையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனார். அவரைத் தெருமுனை வரைக்கும்கூட நான் கொண்டுபோய் விடவில்லை.

என்னோடு கந்தோரில் வேலை செய்கிற கிண்ணியாக்காரி, மீன் நிறுக்கிற கொளுக்கித் தராசு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து தந்தார். பையைக் கொளுவினோம். ஆறு கிலோ எழுநூறு.

"முந்நூறு கிராம் மிச்சம் இரிக்கே அக்கா. மகளுக்கு ஏதாச்சும் வைங்களேன்" என்றார்.

"அவ வேண்டாமெண்டவ."

"அல்லாஹ்வே! வேணாமென்டா வெறுங்கையோடயா போறது?"

"நீங்கள் உங்கட தராசைப் பாருங்கோ" என்றேன். அந்த முந்நூறு கிராமில் ஒரு பொட்டலம் தூள் தாராளமாகப் போயிருக்கும். மகளை வெல்லவேண்டும் என்கிற வீம்பில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுப் பையைப் பூட்டினேன்.

விமானத்தில் பையைத் தலைக்கு மேலே வைத்துவிட்டு, கால் வீங்க வீங்க இருந்தேன். கட்டுநாயக்கவில் எனக்கு முன்னால் நின்ற சனமெல்லாம் பெட்டிக்குக் கயிறு கட்டி, பேர் எழுதி, பாரம் கூடிவிட்டதென்று கவுண்டரில் மன்றாடிக்கொண்டிருந்தது. நான் நேரே நடந்து போனேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய எடுப்பாகத்தான் இருந்தது.

அங்கே விமான நிலைய வாசலில் மகள் நின்றாள். மெலிந்திருந்தாள். அவள் கட்டிய அந்த ஆளும் பின்னால் நின்றான். "வணக்கம் மாமி" என்று தமிழைக் கடித்துத் துப்பினான். தலையை மட்டும் ஆட்டினேன். அவன் பையை ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டான். "இவ்வளவுதானோ அம்மா? கெட்டிக்காரி!" என்று மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், இன்னொரு பெட்டி உருண்டு வருகிறதா என்று.

அவர்களுடைய வீடு நான்காம் மாடி. லிப்ற் இல்லை. மூச்சு வாங்கி ஏறிப்போய்க் குசினிக் கதிரையில் இருந்தேன். அந்த ஆள் எங்களைத் தனியே விட்டுவிட்டு எங்கேயோ போனான். மகள் பையைத் தூக்கி மேசையில் வைத்தாள்.

"உங்கட உடுப்பைத் தோய்க்கப் போடுவம்."

"ஒண்டும் ஊத்தை இல்லை. எல்லாம் புதுசு."

"பரவாயில்லை, தாங்கோ."

சுருட்டி வைத்த சட்டை ஒவ்வொன்றையும் எடுத்தாள். தோய்க்கப் போடுகிறவள் அப்படியே போடவேண்டியதுதானே? போடவில்லை. ஒவ்வொன்றையும் விரித்து உதறினாள். காலுறைக்குள் விரலை விட்டாள். கண்ணாடிப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பக்கத்துச் சிப்புகளைத் திறந்தாள், முதுகுப் பக்கத்து மடிப்புக்குள் கையை விட்டுத் துழாவினாள். கடைசியில் பையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் பின்னால், யன்னலோரம், ஒரு துவாயில் ஏழெட்டுக் கண்ணாடிப் போத்தல்கள் கழுவி, மூடி கழற்றிக் காயவைத்திருந்தாள். மேலே அலுமாரியில் ஒரு தட்டு துடைத்து வெறுமையாகக் கிடந்தது.

"வேற ஒண்டும் இல்லையோ அம்மா?"

இந்த வாய் இருக்கிறதே, இது என்றைக்கு என் சொல் கேட்டது? "நீதானே ஒண்டும் வேண்டாமெண்டனீ" என்றேன்.

அவள் வெறும் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நான் சொன்னா நீங்கள் எப்பவாவது கேட்டனீங்களோ அம்மா? இந்தப் படிப்பு வேண்டாமெண்டன், கேட்டீங்களோ? அவர் நல்லவர், ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ எண்டன், கேட்டீங்களோ? கலியாணத்துக்கு வாங்கோ எண்டு அழுதனான், கேட்டீங்களோ? நான் சொன்னதில இந்த ஒண்டைத்தான் கேட்டிருக்கிறீங்கள்."

பெற்றவள் என்றால் அந்த இடத்தில் எழும்பிப் போய்ப் பிள்ளையைக் கட்டிப் பிடித்திருப்பாள். "பிழை என்னிலதான்" என்று ஒரு சொல் சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனதே. நான் கதிரையில் இருந்தபடி, "இப்பிடி எண்டு எனக்கென்ன தெரியும்? நீ சொன்னதைத்தானே நான் செய்தனான்" என்று மறுபடியும் சொன்னேன். அவள் ஒன்பது சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"ஓம் அம்மா" என்றாள்.

போத்தல்களுக்கு ஒவ்வொன்றாக மூடி போட்டு அந்தத் தட்டில் அடுக்கினாள். பிறகு என் உடுப்புகளைத் திரும்பச் சுருட்டத் தொடங்கினாள்.

மூன்று கிழமையும் நாலைந்து ஊர் சுற்றினோம். கையைப் பிடித்துப் படி ஏற்றினாள், முழங்காலுக்குத் தைலம் பூசிவிட்டாள், எல்லா இடத்திலும் என்னை நிறுத்திப் படம் எடுத்தாள். ரெயின் பிந்தியதற்கு அவளை ஏசினேன், குளிருக்கு ஏசினேன், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஏசினேன். வேண்டுமென்றே அந்த ஆளைப் பற்றியும் ஒரு சொல் விட்டேன், அதற்காவது பாய்ந்து வருவாள் என்று. எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா" என்றாள். ஒரு நாள்கூட என்னோடு சண்டை பிடிக்கவில்லை.