தயார் நிலையில் பதினைந்து பேர்

மழை தொடங்குவதற்கு முன்பே எங்கள் துறையில் பேரிடர் தொடங்கிவிடும். மாநிலம் மாவட்டத்துக்கு எழுதும், மாவட்டம் வட்டத்துக்கு எழுதும், வட்டம் குறுவட்டத்துக்கு எழுதும். கடைசியில் அது ஜவ்வாது மலையில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த என் மேசைக்கு வந்து சேரும். எனக்குக் கீழே கிராம உதவியாளர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே எழுத ஆள் இல்லாததால் எல்லாம் எங்கள் இருவர் தலையில் வந்து நின்றது.

படிவத்தைத் தயாரித்தவர் கடலோரத்துக்காரராக இருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், மீன்பிடிப் படகுகள் எத்தனை, நீச்சல் தெரிந்தவர்கள் யார் யார் என்றெல்லாம் கேட்டிருந்தார். சாமையும் புளியும் விளைகிற ஊரில் நான் படகுக்கு எங்கே போவேன்? 'இல்லை' என்று எழுதினேன். ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. 'கடல் இல்லாததால்' என்று எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் மனசு கேட்காமல் ஆரஞ்சு நிறத்தில் நான்கு மிதவைச் சட்டைகளை அனுப்பிவைத்தார்கள். ஊர் ஜீப்காரர் ஒன்றை வாங்கிப் போய்த் தன் இருக்கைக்கு மெத்தையாகப் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்தத் திட்டத்தில் நேரடியாகப் பயனடைந்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து முதல்நிலைப் பொறுப்பாளர்கள் பட்டியல். ஆபத்து என்றால் முதலில் ஓடிவர வேண்டியவர்கள், கிராமத்துக்குப் பதினைந்து பேர். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், சொந்தக் கைப்பேசி வேண்டும், எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஆகவே ஊரில் இருப்பவர்களின் போன் அடிக்காது. போன் அடிக்கிற இளைஞர்களெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள். நான் ரொம்ப யோசிக்கவில்லை. திருப்பூரில் இருந்த பதினைந்து பேரையும் எழுதிவிட்டேன்.

உதவியாளர் பட்டியலை எட்டிப் பார்த்தார். முதல் பெயரே அவருடைய மருமகன்.

"இன்னா சார் இது? இதுல ஒருத்தனும் வூட்டுல இல்லீங்களே. மண்ணு சரிஞ்சா திருப்பூர்லேர்ந்தா வருவானுங்க?"

"ரேஷன் கார்டு இங்கதானே இருக்குது, அண்ணே?" என்றேன். அவர் பட்டியலை உறையில் போட்டு ஒட்டினார். கையெழுத்துப் போடுகிறவன் நான்.

ஒத்திகை நாளில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொருவரையும் அழைத்துச் சோதித்தார்கள். சமவெளிக் கிராமங்களில் பாதிப் பேர் எடுக்கவில்லை. என் ஆட்கள் பதினைந்து பேரும் முதல் மணியிலேயே எடுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி, "தயார் நிலையில் இருக்கிறேன் ஐயா" என்றார்கள். மருமகனிடம் மட்டும், பின்னால் என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார்கள். தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "மழைங்க ஐயா" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். மலைமேல் இருந்துகொண்டே நூற்றுக்கு நூறு என்று எனக்குக் கூட்டத்தில் பாராட்டு கிடைத்தது. நானும் வெட்கமில்லாமல் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில், கீழே இறங்கும் சாலையில் ஒரு வளைவு முழுவதும் மண்ணும் மரமும் சரிந்து அடைத்துக்கொண்டது. முந்தின நாள் கீழே போன ஜீப் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. உதவியாளர் நனைந்துகொண்டே ஓடிவந்தார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகளுக்கு விடியற்காலையிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, திருப்பத்தூர் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார்.

நான் தொட்டி மேட்டுக்கு ஓடி, கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன்.

"உங்க முதல்நிலைப் பொறுப்பாளர்கள் இருக்காங்களே, நூத்துக்கு நூறு. அவங்களை இறக்கிவிடுங்க. நீங்க டவர் இருக்கிற இடத்தைவிட்டு நகராதீங்க, அரை மணிக்கு ஒரு அறிக்கை வேணும்" என்றார்கள்.

பட்டியலை எடுத்து முதல் எண்ணை அழுத்தினேன்.

"தயார் நிலையில் இருக்கிறேன் ஐயா!" என்றான் மருமகன்.

"ஒத்திகை இல்லப்பா. நிஜமாவே மண்ணு சரிஞ்சிருக்குது. பிரசவ வலிக்காரங்களைத் தூக்கிக்கினு போவணும்."

"யாருக்கு சார் வலி?"

சொன்னேன். அவன் மனைவிக்குத்தான். மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மீதிப் பதினாலு பேரை நான் அழைக்கவில்லை.

கீழே ஊரில் இருந்தவர்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் பெண்ணைக் கிடத்தி, மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்பை நோக்கித் தூக்கிவிட்டார்கள். உதவியாளர், அவர் மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், அறுபதைத் தாண்டிய ஒருவர். பட்டியலில் சேர்க்க எந்தத் தகுதியும் இல்லாதவர்கள். உதவியாளர் ஒருதரம் மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். நான் போனைக் காதில் வைத்தபடி கையை அசைத்து, போகச் சொன்னேன். நகரக் கூடாது என்பது உத்தரவு. அதைப்போல வசதியான உத்தரவு என் சர்வீஸில் வந்ததில்லை. அந்தச் சரிவில் கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

அரை மணிக்கொரு தரம் அறிக்கை அனுப்பினேன். உயிர்ச் சேதம், இன்மை. கால்நடைச் சேதம், இன்மை. படகுச் சேதம், இன்மை. நடுநடுவே மருமகன் அழைத்தான்.

"மண்ணைத் தாண்டிட்டாங்களா சார்?"

"தாண்டிடுவாங்க."

அவர்கள் என் பார்வையிலிருந்து மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மூன்று மணிக்கு மேல் ஜீப்காரர் திருப்பத்தூரிலிருந்து பேசினார். "ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க சார். பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. உங்க உதவியாளருக்குத்தான் கால் ஒடஞ்சி போச்சி. மண்ணு மேல தோள் மாத்தறதுக்குத் தெம்பா இன்னொரு ஆள் இல்லாம, அவரே தூக்கிக்கினு வழுக்கி உழுந்துட்டாராம். அப்பவும் கழிய வுடலியாம்."

நான் அழைப்பதற்குள் மருமகனே அழைத்தான். செய்தி அவனுக்கும் போய்விட்டது. வாய்விட்டு அழுதான். ஊரில் ஆம்பளை ஆளே இல்லாத நேரத்தில் நான் ஒருவன் இருந்ததால்தான் அவள் பிழைத்தாள் என்றான். மாமனாரின் கால் விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது.

"நீங்களும் தூக்குனீங்களா சார்?"

"ஆமாம்ப்பா. ஒரு பக்கம் நான்தான் புடிச்சேன்."

"அவ்ளோ தூரம்... தோள் வலிக்குதா சார்?"

"கொஞ்சம் வலிக்குது" என்றேன்.