லூர்தம்மாள் கேட்கிறார்

"ஏன்டி, பழைய பிரிட்ஜுக்கு என்ன கேடு? நல்லாத்தான ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டு, லூர்தம்மாள் அடுத்த சின்ன வெங்காயத்தின் வாலைக் கிள்ளுகிறார். கேள்வி எனக்கில்லை. தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் சத்யபிரியாவுக்கு.

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பது அவர் தொழில். காலையில் மூட்டை வந்து இறங்கும். மதியத்துக்குள் உரித்து வாளியில் போட்டாக வேண்டும். பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் எனக்கு அவர் வாசலில் நின்றாலே கண் எரியும். அவருக்கு எரிவதில்லை. "கண்ணுக்கே சலிச்சுப் போச்சு அப்பு" என்பார்.

சத்யபிரியா ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். தன் வீட்டு நடப்பைத் தினமும் காணொளியாகப் போடுகிறாள்; ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அவள் வீட்டில் மல்லித்தூள் டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பது லூர்தம்மாளுக்குத் தெரியும். திரைச்சீலை மாற்றினால், "போன தீவாளிக்குத்தான மாத்துன?" சோபா வாங்கினால், "இதுல யாரு உக்காரப் போறா? ரெண்டு பேரும் தரையிலதான சோறு திங்கிறீங்க?" ஓசூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை அழைப்பாள். "சாப்டியாம்மா? சரி, வச்சிரவா?" அவ்வளவுதான். மற்றப் பேச்செல்லாம் சத்யபிரியாவோடு.

லூர்தம்மாளுக்குத் தட்டி எழுத வராது. மைக்கை அழுத்திப் பேசுவார்; அது எழுத்தாகிக் கமெண்டில் விழும். பேசும்போது கத்தியைக் கீழே வைத்துவிடுவார், எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது போல. "ஆன்ட்டிக்குப் பொறாமை" என்று எவனோ போட்டிருந்தான். "பொறாமப்பட அங்க என்னத்தக் கண்டேன்? அம்புட்டும் தவணையில வாங்குனது" என்று சிரித்தார்.

காணொளியில் பொடி வந்த அன்று அவர் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு இப்பச் சுகர் மாத்திரையே இல்லீங்க. நானே அரைச்ச இந்தப் பொடி மட்டுந்தானுங்க. வேணுங்கிறவங்க கூப்பிடுங்க" என்றாள் சத்யபிரியா. பின்னால், சமையலறை மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். லூர்தம்மாள் காணொளியை நிறுத்தினார்.

"தம்பி, பெருவெரலப் பாரு. கறுத்திருக்கு."

லூர்தம்மாளின் கணவர் அந்தோணியும் இப்படித்தான் மாத்திரையை நிறுத்தினாராம். யாரோ சொன்ன கஷாயம். விரல் போய், பாதம் போய், கடைசியில் ஆளும் போய்விட்டார். "நாந்தேன் காய்ச்சிக் குடுத்தேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல" என்றார், வாளியைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு திரைச்சீலை, சோபா எல்லாம் போய், ஒரே கேள்விதான். "தாயி, அம்மாவ டாக்டர்ட்ட காட்டுனியா?" தினமும் கேட்டார். பதில் வரவில்லை. "வேலையா இருப்பா, பாவம்" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான் என்று சொன்ன நாளிலிருந்து கைப்பேசிச் சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும். "பதிலு எங்குட்டாச்சும் ஒளிஞ்சிருக்கா பாரு" என்றார் போன வாரம். என் கைப்பேசியில் அதே காணொளியைத் திறந்தேன். பொடியைப் புகழ்ந்து வரிசையாகக் கமெண்டுகள். லூர்தம்மாளுடையது ஒன்றுகூட இல்லை. அவர் கைப்பேசியில் மட்டும் எல்லாம் இருந்தன. சேனல்காரர்கள் ஒருவரை மறைத்துவிட்டால், அவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து விளக்கினேன். மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் எனக்கு நானே பேசிக்கிட்டு இருந்தேனா?"

"என் போன்லருந்து கேட்டுப் பாக்குறேங்க்கா" என்று அதே கேள்வியைப் போட்டேன். சாயங்காலம் அதையும் காணோம். பொடிக்காகக் கொடுத்த எண்ணில் அழைத்தேன். எத்தனை பாக்கெட் வேண்டும் என்று கேட்டார்கள், அம்மா எப்படி இருக்கிறார் என்றதும் வைத்துவிட்டார்கள்.

இன்று புது பிரிட்ஜ். இரண்டு கதவையும் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டுகிறாள் சத்யபிரியா. பழைய பிரிட்ஜைப் பற்றி வாய்விட்டுக் கேட்டதோடு சரி. லூர்தம்மாள் மைக்கைத் தொடவில்லை. பிரிட்ஜ் நிற்பது அந்த மூலையில்தான், அந்த அம்மாவின் நாற்காலி கிடந்த இடத்தில். காணொளியை நிறுத்துகிறார். வெங்காய ஈரத்தை முந்தானையில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் மூலையை இழுத்துப் பெரிதாக்குகிறார். பிரிட்ஜின் கதவுதான் பெரிதாகிறது. கைப்பேசியைக் கையில் எடுத்து, மெல்ல ஒருபக்கமாகச் சாய்த்து, பிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்.